சைனா அரண்மனை வாசலில் அப்பா

எங்கள் வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. நான் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது பட்டாளத்து லாரி ஓட்டப் போனவர் அவர். சீனாவோடு நடந்த சண்டை முடிந்ததும் ஒரு தபால் வந்தது. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை, காணவில்லை என்றுதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா வருஷக்கணக்காகப் பொட்டும் தாலியுமாக, மலைமேல் மாரமங்கலத்தில் அப்பாவின் தம்பியான சித்தப்பா வீட்டில் காலம் தள்ளினாள்.

அவள் வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது, சுவரிலிருந்த பழைய படங்களைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். அதில் ஒன்றை அம்மா எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பக்கம் வந்த, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர், அது சைனா ராஜாவின் அரண்மனை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்போது எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அம்மா அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினாள்.

பெரிய வாசல், அடுக்கடுக்காய்க் கூரை. முன்னால் சந்தைபோல் ஜனம். தோள் கம்பில் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டவன், கைவண்டிக்காரன், தரையில் பழம் பரப்பியவன், பின்னல் போட்ட ஆண்கள். ஒருவரும் அரண்மனையைப் பார்க்கவில்லை, அவரவர் பாடு அவரவருக்கு. அந்த நெரிசலில் குல்லா போட்ட ஒருவன் மட்டும் தலையை இடப்பக்கம் சாய்த்து நம்மைப் பார்ப்பான். முகம் விரல் நகம் அளவுகூட இருக்காது. அவன்தான் அப்பா என்றாள் அம்மா. அப்பாவும் அப்படித்தான் தலை சாய்த்துப் பார்ப்பாராம். சட்டை ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அங்க நொம்பக் குளிரு கண்ணு. அந்த ஊருச் சட்டையத்தான் குடுத்திருப்பாங்க."

நானும் நம்பினேன். தினமும் அந்தக் குல்லாக்காரனிடம் சொல்லிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்.

நான் ஏழாவது படிக்கும்போது மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர் அம்மாவைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளையில்லை, கொஞ்சம் காப்பித் தோட்டம். எங்கள் மலையில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது குற்றமில்லை. ஆனால் அதற்கு முதலில் அப்பாவுக்குக் கருமாதி செய்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிள்ளை முதல் புருஷன் வீட்டுக்குத்தான் சொந்தம், தாயோடு போகக்கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஊர்க்கூட்டத்தில் அம்மா அந்தப் படத்தோடு வந்து நின்றாள். உயிரோடிருப்பவருக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று கேட்டாள். கீழே பொடி எழுத்தில் என்னமோ இருக்கிறதே என்றார் சித்தப்பா. கூட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவரை குல்லாக்காரனைத் தவிர அந்தப் படத்தில் வேறெதையும் உற்றுப் பார்க்காதவள். கையில் கொடுத்தார்கள். அதிலிருந்த வருஷம் என் தாத்தா பிறப்பதற்கும் முந்தியது. படத்திலிருந்த ஜனத்தில் ஒருவர்கூட இன்னும் உயிரோடிருக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவும் போவார், அம்மாவும் போய்விடுவாள்.

"சைனா. போன வருசம் எடுத்ததுன்னு போட்டிருக்குதுங்க" என்றேன்.

அச்சில் இருப்பதை யார் மறுப்பது? கூட்டம் கலைந்தது. மஞ்சக்குட்டைக்காரர் அந்த வருஷமே வேறு இடத்தில் பெண் எடுத்தார்.

அதோடு விட்டதா? அப்பாவைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி சர்க்காருக்கு மனு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதினேன். போட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று ஒன்றைக்கூடத் தபாலில் போடவில்லை, கிழித்து ஓடையில் விட்டேன். பதில் வந்ததா என்று அவள் தபால்காரரை வழிமறித்துக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும். ஆனாலும் இன்னும் ஒரு மனு எழுதினேன். எனக்குக் கல்யாணமாகி நான் சேலத்துக்குப் போன பிறகும், லீவுக்கு வந்தால் எழுதித் தந்தேன். என்ன பிறவியோ நான்.

தொண்ணூறுகளில் அவள் சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி அவள் உடம்பு தாங்காது என்று தெரிந்து எல்லாவற்றையும் சொன்னேன். வருஷத்தை, மனுக்களை, நான் ஏன் பொய் சொன்னேன் என்பதை. திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அந்த மஞ்சக்குட்டைக்காரரு, ஒருக்கா பஸ்ஸுல எந்திரிச்சு எனக்கு எடம் உட்டாரு கண்ணு" என்றாள். "நொம்ப நல்ல மனுசன்."