செட்டில் பழுதில்லை

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கல்குவாரியின் மேனேஜர், வெடி வைக்கும்போது பேசிக்கொள்ள வாக்கி டாக்கி வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார். நான் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவன். சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களோடு பேசுவது என் பொழுதுபோக்கு. தொழிலுக்கென்றே செய்த கம்பெனி செட்டை வாங்கச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த மலிவு ஹாம் செட்டைக் காட்டி, "இதுல நீங்க பாண்டிச்சேரி வரைக்கும் பேசறீங்க. எனக்கு அரை கிலோமீட்டர் கேட்டா போதுங்க" என்றார்.

அதன் குறை எனக்குத் தெரியும். எல்லா அலைவரிசையையும் பிடிக்க வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று வேண்டாத சிக்னலை வடிகட்டும் பாகத்தில் செய்பவர்கள் கை வைத்துவிடுவார்கள். பக்கத்தில் பலமான வயர்லெஸ் ஒன்று பேசினால் செட்டுக்குக் காது அடைத்துப்போகும். என்னைப் போன்றவன் நாலடி தள்ளி நின்று மறுபடி கூப்பிடுவான். வெடிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அது நடக்காது. இதை ஒரு முறை சொன்னேன். அவர் மறுபடி கெஞ்சியதும் நானே வாங்கிக் கொடுத்தேன். அந்தச் செட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என்பதும் தெரிந்துதான் கொடுத்தேன். வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை குவாரியில் சோதித்தோம். தெளிவாகக் கேட்டது.

சில மாதம் கழித்து, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை நிறுத்தும் அம்மாவுக்கு வெடிக்கு முன் செட்டில் வந்த எச்சரிக்கை கேட்கவில்லை. கல் தெறித்து இடது கண் போயிற்று. மேனேஜர் அந்த அம்மாவின் செட்டைக் கொண்டுவந்து, சோதித்து எழுதித் தரச் சொன்னார். என் மாடியில் அது நன்றாகவே வேலை செய்தது. 'பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்து, அந்த அம்மா செட்டை அணைத்து வைத்திருந்தார் என்று முடித்து, வேலையை விட்டும் அனுப்பிவிட்டார்கள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். "ஆன் பண்ணி காதுல வச்சிக்கினுதாங்க நின்னேன். ரோட்டு வேலைக்காரங்க ஜீப்பு பக்கத்துல நின்னுச்சு. அவங்க வயர்லெஸ்ல பேசிக்கினு இருந்தாங்க" என்றார்.

எல்லாம் விளங்கிவிட்டது. நடந்ததை விளக்கி இன்னொரு கடிதம் எழுதி, விபத்தை விசாரித்த அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் முன்பு நான் எழுதிக் கொடுத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எதுங்க உண்மை?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். முதல் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்தார்.

குவாரியில் இப்போது கம்பெனி செட்டு வந்துவிட்டது. அந்த அம்மா மார்க்கெட்டில் மல்லாட்டைக் கடலை புடைக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து கும்பிடுகிறார். நான் எழுதிய இரண்டாவது கடிதம் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.