ஊதாப் பூ போட்ட கம்மோடு

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் நானும் என் வீட்டுக்காரரும் பீங்கானுக்குப் பூப்போடும் பட்டறை வைத்திருந்தோம். தாளில் அச்சான பூவைத் தண்ணீரில் நனைத்து, நழுவவிட்டு ஒட்டி, சூளையில் சுட வேண்டும். ஒட்டுவது என் வேலை.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்ட முதலாளி ஒருவர், தன் பங்களாக் குளியலறைக்கு ஊதாப் பூ கேட்டார். கம்மோடை முதலிலேயே அனுப்பிவிட்டோம். வாஷ்பேசினை மடியில் அணைத்துக்கொண்டு ஜீப்பில் நானே போனேன். மலைப்பாதைக் குலுக்கலில் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

முதலாளியம்மா பெருமையாகக் குளியலறையைத் திறந்து காட்டினார். கம்மோடில் என் பூக்கள் மின்னின.

"அம்மா, ஒரு நிமிசம் உள்ள போயிட்டு வந்துர்றேன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "இது வீட்டு ஆளுகளுக்கு. நீ செடிக்குள்ள போயிட்டு வா."

வேறு வழியின்றி ஏலச்செடிகளுக்குள் இறங்கினேன். காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, சாக்கை விரித்து மறைப்புப் பிடித்தாள்.

"அட்டை ஏறும், வெரசா எந்திரிங்கக்கா. எங்க எல்லாருக்கும் இதுதான் கக்கூசு" என்றாள். அதற்குள் ஓர் அட்டை என் கணுக்காலைக் கடித்திருந்தது.

தோட்டம் முழுக்கப் பெண்கள். ஒருத்திக்கும் நாலு சுவர் கிடையாது. கம்மோடுக்குப் பூ ஒரு கேடா?

மறுமாதம் விருந்தினர் அறைக்கும் அதே பூ வேண்டுமென்று முதலாளி பட்டறைக்கே வந்தார். வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் குறுக்கே புகுந்தேன்.

"காய் பறிக்கிற பொம்பளைகளுக்கு மொதல்ல ஒரு கக்கூசு கட்டுங்க. அதுக்கு வேணா ஒட்டித் தர்றேன்."

அவர் திரும்பி நடந்து ஜீப்பில் ஏறினார்.

எங்கே ஊதாப் பூப் போட்ட பீங்கானைப் பார்த்தாலும், அட்டை கடித்த கணுக்கால் எனக்கு இன்றும் அரிக்கிறது.