பல்லில் கடித்த முந்தானை

பழவேற்காட்டு ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து வளர்ந்தவள் நான். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒல்லாந்தர் கோட்டையில் வெடிமருந்து சலிக்கும் வேலைக்குப் போனேன். ஒரு பொறி பட்டால் எல்லோரும் சாம்பல்தான். அதற்கெல்லாம் என் கை நடுங்கியதே இல்லை. ஒல்லாந்து மேஸ்திரி பின்னால் வந்து நின்றால் மட்டும் சல்லடை ஆடி, மருந்து தரையில் கொட்டிவிடும். இன்னொரு முறை கொட்டினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

சாவுக்கு நடுங்காத கை இந்த மனிதருக்கு ஏன் நடுங்குகிறது? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

மறுநாள் அவர் காலடிச் சத்தம் கேட்டதும், என்னையறியாமல் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். கை நிதானத்துக்கு வந்துவிட்டது. மருந்து சிந்தவே இல்லை.

"இன்னா அண்ணி, ஏரில எறா புடிக்கிறன்னு நெனப்பா?" என்று பக்கத்தில் சலித்துக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்தாள். மேஸ்திரி என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துக் கோட்டைத் தலைவர் சோதனைக்கு வந்தார். அவர் முன்னால் மேஸ்திரி மருந்தைத் தராசில் நிறுத்துக் காட்ட வேண்டும். நாத்தனார் என்னை இடித்தாள். "அங்க பாரு அண்ணி!"

மேஸ்திரியின் கழுத்துத் துணி நுனி அவர் பல்லில் இருந்தது. தராசு ஆடவில்லை.

அன்றோடு அவரிடம் எனக்கிருந்த பயம் போனது. ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை: தனக்கும் மேலே இருப்பவர் வந்து நின்றால், அந்தத் தலைவர் எதைக் கடிப்பார்?