மூச்சு திரும்பிய ஐந்து மாதம்

கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்ததும் மாமா விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னா கண்டக்டரே, விசில் ரிப்பேரா?" என்று சிரித்தார். மாமாவும் சிரித்துக்கொண்டே தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது. அன்று நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன். "புதுசு ஒண்ணு வாங்குங்க மாமா" என்று புத்தி வேறு சொன்னேன், மகா புத்திசாலி.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. பீடியை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. பிறகு படி ஏறினால் இளைப்பு, படுத்தால் இழுப்பு. ஆஸ்துமா என்று கொஞ்ச நாள் ஓடியது. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் சொன்னார்கள்: நுரையீரலில் புற்றுநோய், மூச்சுக்குழாய்க்குள்ளேயே வளர்ந்து முக்கால்வாசி அடைத்துவிட்டது, உடனே லேசர் வைத்து எரித்து வழி பண்ண வேண்டும்.

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்பதால் டாக்டர் முன்னால் எப்போதும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். லேசர் முடிந்ததும் டாக்டர் நடந்ததைத் திரையில் ஓட்டி எனக்குக் காட்டினார். மயக்கத்தில் இருந்த மாமாவின் வாய் வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் நூல் கனத்தில் ஒரு கம்பி. அதன் நுனியில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சதை முதலில் வெளுத்தது, பிறகு கருகியது. கருகியதைச் சுரண்டி எடுக்க எடுக்க, அடைபட்ட துளை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. எனக்கே மூச்சு வந்தாற்போல இருந்தது. அப்போதுதான் அவர் சொன்னார். அடைத்த சதையைத்தான் எரித்திருக்கிறோம், நோய் அப்படியே இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் கரண்ட் வைக்க, அதாவது ரேடியேஷனுக்கு, வர வேண்டும், வராவிட்டால் மறுபடி வளரும்.

வெளியே அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா சொன்னாரு?" என்றாள். "வழி திறந்துட்டாங்களாம்க்கா, இனிமே மூச்சு விடலாம்னு சொல்றாரு." அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, எங்கள் ஊர் மலை இருக்கும் திசை எது என்றுகூடத் தெரியாமல், கும்பிட்டாள். மிச்சத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நல்லது நடந்த வாயோடு கெட்டதைப் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த ‘நாளை’ வரவே இல்லை.

ஊர் திரும்பியதும் மாமா முதலில் செய்த காரியம் கிரிவலம். பௌர்ணமி கூட்டம் வேண்டாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பதினாலு கிலோமீட்டர். சில வாரம் முன்பு கழிவறை வரை நடக்க முடியாத மனுஷன், வெறுங்காலோடு எனக்கு முன்னால் போனார். வழியில் வாயு லிங்கக் கோயிலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "பாத்தியா மச்சான்!" என்றார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மாமா, கரண்ட் வைக்க வரச் சொன்னாங்க" என்பது மட்டும் வந்தது. "அதான் மூச்சு வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு? காசுக்குச் சொல்வானுங்க" என்று நடந்தார். நோய் உள்ளேயே இருக்கிறது மாமா என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லையே, பாவி! அவருக்குப் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

ஐந்து மாதம் நன்றாக இருந்தார். வேலைக்கும் போனார். கரண்டுக்கு வரச் சொல்லி டாக்டர் எழுதித் தந்த சீட்டு, தேதி தவறி, என் ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆறாம் மாதம் இழுப்பு திரும்பியது, ஒரே வாரத்தில் முற்றியது. ஆம்புலன்சில் ஆக்சிஜனோடு சென்னைக்குப் போனோம். அதே டாக்டர். திரும்ப லேசர் வையுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். லேசர் வைக்கும்போது ஆக்சிஜனைக் கம்மி பண்ண வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடித்துவிடும். இவருக்குக் கம்மி பண்ணினால் இரண்டு நிமிடம் தாங்க மாட்டார். தவிர, அடைப்புக்கு அப்பால் இருந்த நுரையீரலும் போய்விட்டது, வழி திறந்தாலும் காற்று போய்ச் சேர இடமில்லை.

மாமாவின் கட்டிலுக்குப் போனேன். அக்கா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். "எப்ப வெக்கிறாங்களாம்?" என்றார் மாமா, முகமூடிக்குள்ளிருந்து. இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

"அன்னிக்கே தெரியுமா மச்சான் உனக்கு?"

"தெரியும் மாமா."

திட்டியிருக்கலாம். திட்ட மூச்சு இல்லையோ, மனசு இல்லையோ. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "உங்க அக்காகிட்ட சொல்லிடாத. அவளுக்கு இனிமே நீதான இருக்க" என்றார்.

மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. யார் வந்தாலும் அவள் சொல்கிறாள்: "என் தம்பி மட்டும் கூட இல்லன்னா அந்த அஞ்சு மாசம்கூட அவருக்குக் கிடைச்சிருக்காது." சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன்.