கடைசியாக ஏறுகிறவர்

காலைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் கண்டக்டர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பெயர் இன்னும் ஓய்வு பெறவில்லை. பெற்ற மகளே அப்படித்தான் கூப்பிடுவாள். டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கும்போதும் அவர் வாய், "உள்ள தள்ளிப் போங்க, இடம் இருக்கு" என்று முணுமுணுத்தது.

மகள் தலை வாரியபடி வந்தாள். சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் நடைபாதையில் அவளுக்குத் தையல் கடை. பொத்தான் அறுந்தவர்கள், ஜிப் மக்கர் செய்தவர்கள் எல்லாம் அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

"வந்ததுலேர்ந்து இந்தச் சுவத்தயே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க, கண்டக்டரே. சனிக்கிழமை எனக்குக் கடை லீவு. பேசாம அன்னிக்கு உங்கள ஊருக்கு ரயிலேத்தி விட்டுடறேன்."

"விரட்டுறியா?"

"தனியா போய்வரத் தெரிஞ்சா இன்னும் ஒரு மாசம்கூட இருங்க. யாரு வேணாங்கறா?"

இருக்கத்தான் அவருக்கு ஆசை. ஊர் வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோ மட்டும்தான். "இன்னிக்கு மதியச் சாப்பாட்ட நானே கடைக்குக் கொண்டாறேன், பாரு" என்றார்.

மகள் பாடம் நடத்தினாள். "இந்த மெட்ரோ கார்ட கேட்டுல வைங்க, திறக்கும். பச்சை லைன்ல ஏறுங்க. முதல் பெட்டி வேணும், அப்பதான் இறங்கினதும் எதிர்லயே படி. படியேறினா என் கடை. ஸ்டேஷன விட்டுட்டா பதறாதீங்க, எதிர்ப் பக்கம் போய்த் திரும்பி வாங்க."

"ரூட்டு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

மதியம் கடையில் மகளுக்குப் பசி வந்து, பசி அடங்கியும் போயிற்று. ஆளைக் காணோம். மகள் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நம்ம வீட்டு ஸ்டேஷன்லதான். பிளாட்பாரத்துல."

"இன்னுமா ரயில் வரல?"

"ஏன் வராம? வந்துட்டேதான் இருக்கு. எல்லாரும் ஏறட்டும்னு நிக்கறேன். கடைசி ஆளையும் ஏத்திட்டு நான் கால வைக்கப் போனா, கதவு சாத்திக்குது. டிரைவருக்கு ஒரு பொறுப்பு வேணாம்? நான் இன்னும் விசிலே குடுக்கலியே!"

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு பொத்தானுக்குக் காத்திருந்த வாடிக்கையாளர், தையல்காரி எதற்கு இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று விழித்தார்.

"அப்பா, அந்த வண்டிக்கு நீங்க கண்டக்டர் இல்ல. பாசஞ்சர். முதல் ஆளா ஏறுங்க. ஏறி உக்காருங்க."

"உக்காரவா?" என்றார், ஏதோ சட்டவிரோதமான காரியம் போல.

சாப்பாட்டு டப்பா ஆறிப்போய் வந்து சேர்ந்தது. அதைச் சுமந்துவந்தவரின் முகம்தான் புதுசு.

"உக்காந்தே வந்தேன்டி! டிக்கெட்டுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் கத்தல, சில்லறை இல்லன்னு ஒருத்தரும் என்கிட்ட கத்தல. உன் ஸ்டேஷனத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்."

"கவனிக்கலியா?"

"கவனிச்சேன். எந்திரிக்க மனசு வரல."

ஊருக்கு ரயிலேற்றிவிடும் பேச்சை அதோடு மகள் விட்டுவிட்டாள். தினமும் டப்பா வந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் ஆறிப்போய் வந்தது. நீல லைன் மேம்பாலத்தில் வெளிச்சத்துக்கு வருகிறதாம், சிவப்பு லைனில் சீட்டு மெத்தையாம். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை கதை நடக்கும்.

சனிக்கிழமை பாத்திரம் கழுவும் வேலை மகள் கைக்கு வந்தது. கண்டக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கார்டு பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

"கண்டக்டரே, எனக்கு லீவுதானே. இதக் கழுவிட்டு நானும் கூட வரட்டா?"

செருப்பு அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது.