பாரெண்டின் வலது கை

தேவாலய மணி பத்து அடித்து ஓய்வதற்குள் செய்தி வந்துவிட்டது. பட்டறையிலிருந்து ஓடிவந்த ஆள், அடுக்கிவைத்திருந்த பீப்பாய்கள் சரிந்து பாரெண்ட் போய்விட்டான் என்று வாசலில் நின்றபடியே சொன்னான். அக்கா மக்டெல்ட் கொதித்துக்கொண்டிருந்த பட்டாணிக் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்தாள்.

ஹோர்ன் துறைமுகத்தில் முப்பது வருடம் மீன் பீப்பாய் செய்தவன் பாரெண்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளவயதில் இரும்பு வளையம் நசுக்கி, வலது ஆள்காட்டி விரல் நகமில்லாமல் கோணிப்போயிருந்தது. பெரிய மனிதர்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை.

அதற்குத் தகுந்த கறுப்புப் பட்டுக் கோட்டு அவனிடம் இல்லை. தானிய வியாபாரியான தம்பி லுபெர்ட்டிடம் இரவல் கேட்டான்.

"தர்றேண்ணே. மீன் நாத்தம் மட்டும் ஒட்டாம பாத்துக்க. படத்தப் பாக்குறவன் மூக்கப் பொத்திக்கப் போறான்" என்றான் லுபெர்ட், விருந்துக்கு வந்தவர்கள் முன்னால். பாரெண்டும் சேர்ந்து சிரித்தான்.

ஓவியர் ஃப்ளோரிஸ் முகத்துக்காக மூன்று முறை வரச்சொன்னார். கோட்டை மரப்பொம்மைக்கு மாட்டி, ஆள் இல்லாமலே மடிப்பு மடிப்பாக எழுதினார். கைகளுக்கு வேறு யாரையாவது உட்காரவைப்பது அவர் வழக்கம். பாரெண்ட் அதற்கு மட்டும் ஒப்பவில்லை. உழைத்தது இந்தக் கைதான் என்று நாலாவது முறையும் போய் உட்கார்ந்து, கோணல் விரலை உள்ளபடி எழுதச் சொன்னான். அடுத்த வாரம் படத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மக்டெல்ட் ஓவியரிடம் படத்தைக் கேட்டுப் போனாள். கோட்டை வாங்க வந்த லுபெர்ட் அவளுக்கு முன்பே அங்கே இருந்தான்.

"கோட்டு என்னோடது, நாற்காலி உங்களோடது. மூஞ்சி மட்டுந்தான் அண்ணனோடது" என்று ஓவியரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அத மாத்திட்டா படம் எனக்கு ஆகும்ல, ஐயா?"

"அவன் முகம் வேற எங்கயும் இல்லடா" என்றாள் மக்டெல்ட்.

"மண்ணுக்குள்ள இருக்கேக்கா. தோண்டிப் பாரு."

ஓவியர் தயங்கினார். தன் மனைவியையும் நாலு பிள்ளைகளையும் அவரிடமே எழுதத் தருவதாக லுபெர்ட் சொன்னதும் கத்தியை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலில் கண்களைச் சுரண்டினார், பிறகு வாயை. கத்தியில் திரண்ட சாயத்தைக் கந்தலில் துடைத்து அடுப்பில் போட்டார்.

பாரெண்ட் இல்லாத வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் மக்டெல்ட் லுபெர்ட் வீட்டுக்கே போனாள். சமையலறையில் சாப்பாடு, சமையலறையில் படுக்கை. கூடத்துப் படத்துக்குச் சனிக்கிழமைதோறும் தூசி தட்டுவது அவள் வேலை. படத்து நாற்காலியில் லுபெர்ட் உட்கார்ந்திருக்கிறான். அதன் கைப்பிடியில் பாரெண்டின் கை இருக்கிறது. விருந்தாளிகள் அதைக் கவனித்தால் லுபெர்ட் தன் நேரான விரலை நீட்டிக் காட்டி, ஓவியருக்கு அன்று குடி அதிகம் என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

பனி உருகியதும் வந்து விரலை நேராக்கித் தருவதாக ஓவியர் சொல்லியிருந்தார். லுபெர்ட்டுக்குக் கை நீட்டி உட்கார ஒருநாளும் நேரம் வாய்க்கவில்லை. ஏழு குளிர்காலம் போய்விட்டது. விரல் இன்னும் நேராக்கப்படவில்லை.