மகள் பெயருக்கு வந்த கார்டு

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில், "நல்லாத் தூங்கி எழுந்திருங்க, சரியாப் போகும்" என்றுதான் சொன்னார்கள். நான் அப்போது தூக்கக் கலக்கத்தில் இல்லை. பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. கீழே யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மகள் இறந்த பிறகு அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் கார்டு. எங்கள் வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். வாசல், ஹால், சமையலறை, விரிசல் விட்ட பாத்ரூம் ஓடு வரைக்கும். உள்ளே நடந்து பார்க்கலாமாம். பாதியில் பழைய கார்டு எரிந்துபோனது. "புதுசு வரட்டும்மா, காட்டறேன்" என்றாள்.

கார்டு வந்துவிட்டது. அவள் கட்டிய வீட்டை ஒருமுறையாவது நான் பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் எனக்கு மிச்சமில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் என் தம்பியைப் போனில் பிடித்தேன். அவன் சொல்லச் சொல்லப் பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, பட்டனை அழுத்தினேன். விர்ர்ர்... காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பு.

"கார்டுக்குக் கரன்ட் வயர் குடுத்தியா?"

"ம்."

"மானிட்டர் வயர்?"

"மாட்டிட்டேன்டா."

"ராம்னு நீளமா ஒரு மெமரி பட்டை இருக்கும், அதைக் கழட்டி மாட்டிப் பாரு. புது மருமக மாதிரிக்கா, முதல் நாள் கொஞ்சம் முறுக்கிக்கும்."

என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான், பாவம். கழற்றினேன், மாட்டினேன். கறுப்பு. மறுபடியும். கறுப்பு. அழுகைகூட வரவில்லை. ஒரு தகரப் பெட்டிகூட என்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்கிறதே என்றுதான் இருந்தது.

"விடு, நோண்டாத. சாயங்காலம் நானே வரேன்."

போனை வைக்கப் போனேன். திரையில் படம் வந்தது.

எங்கள் வாசல் கதவு.

அது திறந்தது. ஹால். அதே செருப்பு அலமாரி. யாரோ நடந்து வருவதுபோலப் படம் மெல்ல நகர்ந்தது. பார்வை என் உயரத்தில் இல்லை. ஒரு சாண் மேலே. மகள் என்னைவிட உயரம்.

சமையலறையை எட்டிப் பார்த்தது. அடுப்பில் பால் பொங்கிய கறை. அன்று காலையில் நான் துடைக்காமல் விட்டது...

சர்ர்க்... சர்ர்க்... செருப்பை இழுத்து நடக்கும் சத்தம். ஸ்பீக்கரை நான் இணைக்கவே இல்லை. சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

படம் ஓர் அறைக்குள் நுழைந்தது. மேசை. திறந்து கிடக்கும் பெட்டி. முதுகு காட்டி ஒரு பெண், கையில் போன்.

நான்.

நெருங்கியது...

என் நரைத்த உச்சந்தலை தெரிந்தது...

நான் திரும்பவில்லை. பயம்தான். திரும்பினால் போய்விடுவாளோ என்ற பயம்.

கழுத்தில் மூச்சு.

"அக்கா! லைன்ல இருக்கியா?"

திரும்பிவிட்டேன்.

யாரும் இல்லை. திரையும் கறுப்பு.

சாயங்காலம் தம்பி வந்தான். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"மானிட்டர் வயரைப் புதுக் கார்டுல குத்தணும்க்கா. நீ மதர்போர்டுல இருக்கற துளையில குத்தி வச்சிருக்க. இந்த கம்ப்யூட்டர்ல அந்தத் துளைக்கு உயிரே கிடையாது. நாளெல்லாம் உக்காந்திருந்தாலும் அதுல ஒரு புள்ளிகூட வராது."

"வந்துச்சுடா."

என்னையே பார்த்தான். பிறகு வயரை மாற்றினான். கம்ப்யூட்டர் உடனே ஓடியது. மகள் கட்டிய வீடும் திறந்தது. எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் அடுப்பில் கறை இல்லை. மேசைமுன் நாற்காலி காலியாக இருந்தது. கைதேர்ந்தவள் என் பெண். ஆனால் அந்த வீட்டில் அவள் இல்லை.

தம்பி போனதும் வயரைப் பிடுங்கி, அந்த உயிரில்லாத துளையிலேயே குத்தினேன். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தினமும் உட்கார்கிறேன். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

கறுப்புதான்.